ரவுடி வேட்டையும் ஆயுதச் சோதனையும்: மதுரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மதுரையில் ஒரு கொலை விழுந்தால் இரண்டு நாளில் பேப்பரில் இப்படி ஒரு செய்தி வரும்: ‘ரவுடிகள் வீடுகளில் போலீஸ் அதிரடிச் சோதனை, அரிவாள்கள் பறிமுதல்.’ அதற்கு அடுத்த நாள் மாவட்ட நீதிமன்ற வாசலில் எங்களைப் போன்ற வக்கீல்களைத் தேடி ஆட்கள் வர ஆரம்பிப்பார்கள். மகனைக் காணோம் என்று அலையும் அம்மாக்கள், மாமூல் கேட்டு மிரட்டப்பட்ட கடைக்காரர்கள், பட்டறைக்காரர்கள், பன்றி விரட்டத் துப்பாக்கி வைத்திருக்கும் மலையடிவாரத்து ஆட்கள் என்று பலவிதம். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். குற்றவியல் பிரிவு எண்கள் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டங்களின்படி.

‘ரவுடி வேட்டை’ என்கிறார்களே, அன்றைக்கு உண்மையில் என்ன நடக்கிறது?

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ரவுடிப் பட்டியல் இருக்கும். மேலிடத்து உத்தரவு வந்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு ராத்திரியோடு ராத்திரியாக வீடு வீடாகப் போவார்கள். ஆள் ஊரில் இருக்கிறானா, யாரோடு சேர்ந்திருக்கிறான், வீட்டில் ஆயுதம் உண்டா, கோர்ட்டில் பிடிவாரண்ட் நிலுவையில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

மாநிலம் முழுக்க நடந்ததில் பெரியது 2021 செப்டம்பர் கடைசியில் நடந்தது. தென்மாவட்டங்களில் பழிக்குப்பழியாக அடுத்தடுத்து கொலைகள் விழுந்த சமயம். அப்போது டி.ஜி.பி.யாக இருந்த சைலேந்திர பாபு உத்தரவிட்டு, இரண்டு நாள் சொச்சத்தில் 3,000-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். ஆயிரத்துக்கும் மேல் கத்தி, அரிவாள் சிக்கின. நாட்டுத் துப்பாக்கி ஏழுதான். நம் ஊர்ப் பக்கத்துக் கூலிப்படைகளின் கையில் என்ன இருக்கிறது என்று இதிலேயே தெரிந்துவிடும். வடக்கே பீகாரின் முங்கேரில் செய்யும் கள்ளத் துப்பாக்கி என்றால், இங்கே இன்னமும் வீச்சரிவாள்தான்.

மறு வருடம் ‘மின்னல் ரவுடி வேட்டை’ என்று ஒன்று நடந்தது. அதில் கைதானவர்கள் நூற்றுச் சொச்சம் பேர்தான். ஆனால் பல வருடமாகத் தலைமறைவாக இருந்த ஆட்களைக் குறிவைத்துப் பிடித்தார்கள். என்னைக் கேட்டால் இதுதான் உருப்படியான வேட்டை. மொத்தமாக ஆயிரம் பேரைப் பிடித்தால் அதில் பெரும்பாலோர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுவார்கள். பிடிவாரண்ட் உள்ள ஒருவன் சிக்கினால், வருடக் கணக்கில் நின்றுபோன ஒரு விசாரணை திரும்ப நடக்க ஆரம்பிக்கும்.

ஏ பிளஸ், ஏ, பி, சி என்பதெல்லாம் என்ன?

போலீஸ் தங்கள் வசதிக்கு வைத்திருக்கும் தரவரிசை. ஏ பிளஸ் என்றால் கும்பல் தலைவன் மட்டம். சி என்றால் பேட்டைத் தகராறு மட்டம். இந்த எழுத்துகளுக்கு நீதிமன்றத்தில் தனி மதிப்பு கிடையாது.

என் மகன் பெயர் ரவுடிப் பட்டியலில் இருக்கிறது. வழக்கெல்லாம் விடுதலையாகிவிட்டது. பெயரை எடுக்க முடியுமா, சார்?

முடியும். ‘ஹிஸ்டரி ஷீட்’ என்று சொல்லப்படும் அந்தப் பதிவேடு போலீஸ் நிலையாணைப்படி திறக்கப்படுவது. இன்ஸ்பெக்டர் தன்னிஷ்டத்துக்குத் திறந்துவிட முடியாது. உதவி ஆணையர் அல்லது டி.எஸ்.பி. அளவிலான அதிகாரியின் உத்தரவு வேண்டும். ஒருமுறை திறந்தால் ஆயுளுக்கும் என்றும் கிடையாது. வருடாவருடம் மறுஆய்வு செய்து, தொடர வேண்டும் என்றால் அதற்குக் காரணத்தோடு உத்தரவு போட வேண்டும்.

நடைமுறையில் இந்த மறுஆய்வு பல இடங்களில் பழைய தாளில் புதுத் தேதி போடுவதாகத்தான் இருக்கிறது. அதனால் முதலில் விடுதலைத் தீர்ப்பு நகல்களோடு மாநகரம் என்றால் ஆணையருக்கும், புறநகர் என்றால் மாவட்ட எஸ்.பி.க்கும் மனு கொடுங்கள். பதில் வரவில்லை என்றால் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனு போடலாம். நீண்ட காலம் புதிய வழக்கு எதுவும் இல்லை என்பதுதான் அங்கே உங்கள் பலம். நடுவில் ஒரு அடிதடி கேஸ் விழுந்திருந்தால்கூட வேலை கஷ்டம்.

ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) ஆபீசில் கூப்பிட்டுப் பத்திரம் எழுதி வாங்குகிறார்களே, அது தண்டனையா?

தண்டனை இல்லை, பிணை. பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 126-ஆவது பிரிவில் ஒரு வருடம் வரைக்கும், வழக்கமான குற்றவாளி என்று சொல்லி 129-இல் மூன்று வருடம் வரைக்கும் ‘ஒழுங்காக இருப்பேன்’ என்று எழுதி வாங்கலாம். அதை மீறினால் உள்ளே போக வேண்டிவரும். ஒரு காலத்தில் மாநகரங்களில் போலீஸ் துணை ஆணையர்களுக்கே இந்த நிர்வாக நடுவர் அதிகாரத்தை அரசு கொடுத்திருந்தது. பிடிப்பவரே நீதிபதியாகவும் உட்காரக் கூடாது என்ற அடிப்படையில் அந்த அரசாணைகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2023-இல் ரத்து செய்தது. உங்கள் வீட்டுப் பையனை அப்படி உள்ளே வைத்தால், உத்தரவில் கையெழுத்துப் போட்டவர் யார் என்பதை முதலில் பாருங்கள்.

குண்டாஸ் போட்டால் ஒரு வருடம் வெளியே வர முடியாதா? சிலர் ஆறு மாதத்தில் வந்துவிடுகிறார்களே, எப்படி?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்படுவது இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குண்டாஸ் என்று நாம் சொல்வது தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆவது சட்டம். முதலில் சாராயம் காய்ச்சுபவர், போதைப்பொருள் குற்றவாளி, குண்டர் என்று ஆரம்பித்து, பிற்பாடு திருட்டு விசிடி, மணல் கடத்தல், சைபர் குற்றம் எல்லாம் அதற்குள் வந்தன. இது செய்த குற்றத்துக்குத் தண்டனை கொடுக்கும் சட்டம் இல்லை. இனி செய்துவிடுவான் என்ற அச்சத்தில் முன்கூட்டியே அடைத்து வைப்பது. மாநகரத்தில் போலீஸ் ஆணையரும், மாவட்டத்தில் கலெக்டரும் உத்தரவு போடுவார்கள். அதிகபட்சம் 12 மாதம்.

உத்தரவு போட்டதோடு முடிந்துவிடாது. அடைத்ததற்கான காரணங்களை ஐந்து நாளுக்குள் கைதியிடம் கொடுக்க வேண்டும். 12 நாளுக்குள் அரசு ஒப்புதல் தர வேண்டும். மூன்று வாரத்துக்குள் அறிவுரைக் குழுமத்துக்கு (காவல் உத்தரவு சரியா என்று பார்க்கும் குழு) அனுப்ப வேண்டும், ஏழு வாரத்துக்குள் குழுமம் கருத்துச் சொல்ல வேண்டும். குழுமத்தின் முன் வக்கீல் வாதாட முடியாது. கைதி தானே பேசலாம்.

இந்த ஒவ்வொரு படியிலும் போலீஸ் சறுக்க வாய்ப்பு உண்டு. குடும்பத்தார் அனுப்பிய மனுவை அரசு காரணமில்லாமல் தாமதித்தால் உத்தரவு உடையும். கைதிக்குக் கொடுத்த ஆவணப் புத்தகத்தில் ஒரு முக்கியத் தாள் படிக்க முடியாத ஜெராக்ஸாக இருந்தாலும், தமிழ் மட்டும் தெரிந்தவனுக்கு ஆங்கில ஆவணத்தை மொழிபெயர்க்காமல் கொடுத்தாலும் அதே கதிதான். ‘இவன் ஜாமீனில் வந்துவிடுவான்’ என்று எழுதிவிட்டு, அதற்கு ஆதாரமாகச் சம்பந்தமே இல்லாத வேறொரு வழக்கின் ஜாமீன் உத்தரவைச் சேர்ப்பது இன்னொரு வழக்கமான கோளாறு. காலாவதி மருந்து வழக்கில் தமிழ்நாடு போட்ட ஒரு தடுப்புக்காவலை 2011-இல் ரத்து செய்தபோது, சாதாரணச் சட்டமே போதும் என்ற இடத்தில் தடுப்புக்காவல் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மதுரைக் கிளையில் ஆட்கொணர்வு மனு போடும் எல்லோரும் அந்தத் தீர்ப்பைக் கையில் வைத்திருப்பார்கள்.

மனு பட்டியலில் ஏறி விசாரணைக்கு வருவதற்குள் ஐந்தாறு மாதம் ஓடிவிடும். ஆறு மாதத்தில் வெளியே வருகிறார்கள் என்பதன் ரகசியம் இதுதான். ஆணையரின் உத்தரவு உடைந்தால் ‘கோர்ட் ரவுடியை விட்டுவிட்டது’ என்று டீக்கடையில் பேசுவார்கள். கோர்ட் பார்ப்பது தாள்களை. தாளை ஒழுங்காக எழுதியிருந்தால் உத்தரவு நிற்கும்.

ஒரு விஷயம்: குண்டாஸ் உடைந்தாலும் மூல வழக்கில் ஜாமீன் கிடைக்காமல் வெளியே வர முடியாது. இதைத் தெரியாமல் அரசரடி ஜெயில் வாசலில் மாலையோடு காத்திருந்து திரும்பிய கூட்டத்தைப் பார்த்திருக்கிறேன்.

புதிதாகத் ‘திட்டமிட்ட குற்றம்’ என்று ஒரு பிரிவு வந்திருக்கிறதாமே?

பி.என்.எஸ். (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்தது) 111. கூலிக்குக் கொலை, ஆள் கடத்தல், மிரட்டிப் பணம் பறித்தல், நில அபகரிப்பு, ஆயுதக் கடத்தல் என்று கும்பலாகச் சேர்ந்து தொடர்ந்து செய்வதற்கான பிரிவு. இரண்டு பேர் இருந்தாலே கும்பல்தான். உயிர்ச்சேதம் இருந்தால் மரண தண்டனை அல்லது ஆயுள், கூடவே குறைந்தது 10 லட்சம் அபராதம். மற்றபடி குறைந்தது ஐந்து வருடம். ஒளித்து வைத்து அடைக்கலம் கொடுப்பவருக்கும் குறைந்தது மூன்று வருடம் உண்டு.

ஆனால் எல்லோர் மேலும் தூக்கிப் போட்டுவிட முடியாது. கடந்த பத்து வருடத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் அவற்றைக் கோப்பில் எடுத்திருக்க வேண்டும். எப்.ஐ.ஆர். மட்டும் போட்டுக் கிடப்பில் வைத்திருந்தால் கணக்கில் வராது. பழைய வழக்குகளில் குற்றப்பத்திரிகை போடாமல் இழுத்தடித்த ஸ்டேஷனுக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது என்று அர்த்தம்.

வீட்டில் அரிவாள் இருந்தால் கேஸ் போடுவார்களா? நாங்கள் விவசாயம் பார்க்கிறோம்.

பயப்பட வேண்டாம். வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருள்களை ஆயுதச் சட்டமே விட்டுவிடுகிறது. 2016-ஆம் ஆண்டு விதிகளில், ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகு ஆயுதப் பட்டியலில் வருகிறது. அங்கேயும் வீடு, விவசாயம், தொழிலுக்கானவை விலக்கு.

சிக்கல் எங்கே வருகிறது என்றால் இடத்திலும் நேரத்திலும். தென்னந்தோப்பில் இருக்கும் பாளை அரிவாள் கருவி. அதே அரிவாள் ராத்திரி 11 மணிக்கு நம்பர் பிளேட் இல்லாத பைக்கின் சீட்டுக்கடியில், மூன்று பேரோடு அவனியாபுரம் ரிங் ரோட்டில் இருந்தால் அதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

கோயில் அரிவாளைப் பற்றியும் கேட்கிறார்கள். கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாக ஆள் உயர அரிவாள் செலுத்துவது இந்த மண்ணின் வழக்கம். வாங்கும்போது பட்டறை ரசீது ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், பகலில் கொண்டுபோங்கள். போதும்.

நான் திருப்பாச்சேத்தி பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன். யார் வாங்குகிறார் என்று எழுதி வைக்கச் சொல்கிறார்கள். கட்டாயமா?

2021 வேட்டையின்போது மாநிலம் முழுக்கப் பட்டறைக்காரர்களைக் கூப்பிட்டுப் போலீஸ் இதைச் சொன்னது: வாங்குபவர் பெயர், முகவரி, போன் நம்பர், எதற்கு என்ற விவரம் எழுதி வையுங்கள், முன்பின் தெரியாத ஆளுக்கு விற்காதீர்கள், முடிந்தால் கேமரா வையுங்கள். எழுதி வைப்பது உங்களுக்கே நல்லது என்பேன். லாரிப் பட்டையைக் காய்ச்சி அடித்துத் தலைமுறையாகப் பிழைக்கிற தொழில். எங்கோ ஒருவன் செய்த கொலைக்கு உங்கள் முத்திரை பதித்த அரிவாள் சிக்கினால் முதலில் வந்து நிற்பது உங்கள் பட்டறையில்தான். அந்த நேரத்தில் நோட்டுதான் உங்களுக்குச் சாட்சி. இரண்டு பக்கமும் கூரான வாள், ஒரே அளவில் பத்துப் பதினைந்து என்று மொத்தமாக ஆர்டர் வந்தால் யோசியுங்கள். அறுவடைக்கு யாரும் பட்டாக்கத்தி வாங்குவதில்லை.

தாத்தா காலத்து நாட்டுத் துப்பாக்கி ஒன்று வீட்டுப் பரணில் கிடக்கிறது. லைசென்ஸ் இல்லை. என்ன செய்வது?

இன்றைக்கே ஒரு முடிவெடுங்கள். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது இரண்டு வருடம், அதிகம் ஐந்து வருடம். செய்து விற்றவருக்கு ஏழு வருடத்தில் ஆரம்பித்து ஆயுள் வரை போகும். துருப்பிடித்திருக்கிறது, சுடாது என்பதெல்லாம் பரிசோதனைக்குப் பிறகு கோர்ட்டில் பேச வேண்டிய கதை. அதற்குள் நீங்கள் ரிமாண்டில் இருப்பீர்கள்.

சிறுமலை, நத்தம், தேனி மலையடிவாரங்களில் ‘தாங்களாக முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை’ என்று போலீஸ் அவ்வப்போது அறிவிப்பார்கள். ஊர்ப் பொது இடத்தில் வைத்துவிட்டுப் போனாலும் எடுத்துக்கொள்வார்கள். அந்த அறிவிப்பு இருக்கும்போது கொடுத்துவிடுவது உத்தமம். இல்லாத நாளில் ஒரு வக்கீலையோ ஊர்ப் பெரியவரையோ கூட்டிக்கொண்டு எழுத்து மனுவோடு போங்கள். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடக்காதீர்கள்.

பயிரைக் காக்க வாய்வழி மருந்து இடிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்க ஆயுதச் சட்டத்தில் வழி இருக்கிறது. கலெக்டரிடம் விண்ணப்பிக்க வேண்டும். அதற்காகக் காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று நினைத்துவிடாதீர்கள், அது வனத்துறை வேலை. அவுட்டுக்காய் (கடித்தால் வெடிக்கும் நாட்டு வெடி) வைப்பது இதைவிட மோசம். வெடிபொருள் சட்டத்தில் பத்து வருடம் வரை போகும், மேய வந்த மாட்டின் வாய் கிழிந்தால் ஊரும் விடாது.

ராத்திரி இரண்டு மணிக்குக் கதவைத் தட்டிச் சோதனை போடலாமா?

வாரண்ட் இல்லாமல் சோதனை போட அவர்களுக்கு வழி உண்டு, ஆனால் காரணத்தை எழுதி வைக்க வேண்டும், அந்தப் பதிவின் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். இப்போது பி.என்.எஸ்.எஸ். 105-இன்படி சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுப்பது கட்டாயம். செல்போனில் எடுத்தாலும் சரி. அக்கம்பக்கத்தில் இரண்டு சாட்சிகள் வேண்டும். என்ன எடுத்தார்கள் என்ற பட்டியல் நகலைக் கேட்டு வாங்குங்கள். கத்திப் பேசாதீர்கள். ‘வீடியோ எடுக்கிறீங்களா சார்?’ என்று ஒரு தடவை தன்மையாகக் கேட்டாலே பல விஷயம் ஒழுங்காகிவிடும்.

ஆளைக் கூட்டிப்போனால் காரணம் சொல்ல வேண்டும், குடும்பத்தில் ஒருவருக்குத் தகவல் தர வேண்டும், 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். ‘சும்மா விசாரிக்கத்தான்’ என்று மூன்று நாள் வைத்திருக்கச் சட்டத்தில் இடமில்லை.

பிறந்தநாளுக்கு அரிவாளால் கேக் வெட்டி ரீல்ஸ் போட்டான். அதற்கும் கேஸா?

ஆமாம். அவனே எடுத்துப் போட்ட வீடியோதான் சாட்சியம்.

பதினேழு வயதுப் பையன்களை ஏன் இவ்வளவு பேர் கும்பலில் சேர்க்கிறார்கள்?

சிறுவன் என்றால் தண்டனை குறைவு என்ற கணக்குதான். ஸ்கெட்ச் போடுபவன் ஒருவன், வண்டி ஓட்டுபவன் ஒருவன், வெட்டுவது மட்டும் பள்ளிக்கூடத்தை விட்ட பையன். அவனுக்கு ஒரு பைக், ஒரு செல்போன், ‘தம்பி நம்ம ஆளு’ என்ற ஒரு வார்த்தை. அந்தக் கணக்கு இப்போது முழுசாகப் பலிக்காது. 2015 இளைஞர் நீதிச் சட்டப்படி 16 வயது தாண்டியவன் கொடுங்குற்றம் செய்தால், வளர்ந்தவனைப் போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் ஆராய முடியும். சிறுவனைக் குற்றத்துக்குப் பயன்படுத்துபவனுக்கு அதே சட்டத்தின் 83-ஆவது பிரிவில் ஏழு வருடக் கடுங்காவல், ஐந்து லட்சம் அபராதம் வரை உண்டு. இந்தப் பிரிவை எப்.ஐ.ஆர்.களில் நான் அபூர்வமாகத்தான் பார்க்கிறேன். ஏன் சேர்ப்பதில்லை என்று போலீஸைத்தான் கேட்க வேண்டும்.

கையில் மாவுக்கட்டு, என்கவுண்டர்... இதெல்லாம் செய்தால்தானே ரவுடிகள் பயப்படுவார்கள்?

‘பாத்ரூமில் வழுக்கி விழுந்து’ கை முறிந்த போட்டோ வந்தால் கமெண்டில் கைதட்டல் விழும். என் கருத்து வேறு. முறிந்த கையோடு மாஜிஸ்திரேட் முன் நிற்கும் குற்றவாளி, நாளைக்குத் தன் வாக்குமூலத்தை உடைப்பதற்கான கருவியைப் போலீஸ் கையாலேயே வாங்கிக்கொண்டு போகிறான்.

என்கவுண்டர் மதுரைக்குப் புதிதில்லை. 2018 மார்ச்சில் சிக்கந்தர்சாவடியில் இரண்டு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இப்படி நடந்தால் எப்.ஐ.ஆர்., சம்பந்தமில்லாத வேறு பிரிவின் விசாரணை, நீதித்துறை நடுவர் விசாரணை எல்லாம் வேண்டும், சந்தேகம் தீரும் வரை பதக்கமோ பதவி உயர்வோ கூடாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றம் விதி வகுத்தது.

கேட்க ஆளில்லாத தனிப்படை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். 2025 ஜூனில் திருப்புவனம் பக்கம் மடப்புரத்தில், நகை காணோம் என்ற ஒரு புகாருக்காகக் கோயில் காவலாளி ஒருவரைத் தனிப்படைப் போலீசார் கூட்டிப்போய் அடித்தார்கள். அவர் உயிர் போனது. அவர் ரவுடிப் பட்டியலில் இருந்தவர் இல்லை. வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது, முறையான உத்தரவில்லாமல் இயங்கிய தனிப்படைகளைக் கலைக்கச் சொல்லி டி.ஜி.பி. உத்தரவிட்டார்.

இத்தனை வேட்டை நடந்தும் ஏன் பகை தீரவில்லை?

கீரைத்துறை, காமராஜர்புரம் பக்கம் இரண்டு அரசியல் குடும்பங்களின் பகை இருபது வருடத்துக்கு மேல் ஓடி, இரண்டு தரப்பிலும் பல உயிர்களைக் கொண்டுபோனது ஊருக்கே தெரியும். ஒவ்வொரு கொலைக்குப் பின்னும் சோதனை, கைது, குண்டாஸ். ஆனால் கொலை வழக்கு சாட்சி விசாரணைக்கு வருவதற்குள் வருடங்கள் ஓடிவிடும். அதற்குள் ஏ1 (வழக்கின் முதல் எதிரி) ஜாமீனில் வந்து தெருவில் நடமாடுவான், நேரில் பார்த்தவர் பிறழ் சாட்சியாகிவிடுவார். தீர்ப்பு வராத இடத்தில் அடுத்த கொலைக்கு ஸ்கெட்ச் போடுவார்கள்.

1997 ஏப்ரலில் வில்லாபுரத்தில் மாமன்ற உறுப்பினர் லீலாவதியைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். அந்த வழக்கு ஆயுள் தண்டனையில் முடிந்தது. 2007 மே மாதம் தினகரன் அலுவலகம் எரிக்கப்பட்டு மூன்று ஊழியர்கள் இறந்த வழக்கில், விசாரணை நீதிமன்றம் 2009-இல் எல்லோரையும் விடுதலை செய்தது. உயர்நீதிமன்றக் கிளை அதைத் திருத்தி ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை கொடுத்தபோது 2019 ஆகிவிட்டது. பன்னிரண்டு வருடம். வேட்டைக்கு ஆகும் நாள் இரண்டு. ஊர் பேசுவது அந்த இரண்டு நாளைப் பற்றித்தான், பன்னிரண்டு வருடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

கடைக்கு வந்து மாமூல் கேட்டு மிரட்டுகிறார்கள். புகார் கொடுத்தால் உயிருக்கு யார் பொறுப்பு?

நியாயமான பயம்தான். முதலில் கேமரா பதிவை வேறொரு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள், போனில் மிரட்டினால் அழைப்புப் பதிவை அழிக்காதீர்கள். அவசரத்துக்கு 100 அல்லது 112, இல்லையென்றால் ‘காவல் உதவி’ செயலி. ஸ்டேஷனுக்குப் போக அச்சமாக இருந்தால் மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் புகார் கொடுக்கலாம். மூன்று நாளுக்குள் போய்க் கையெழுத்துப் போட்டால் எப்.ஐ.ஆர். பதிவாகும். இன்ஸ்பெக்டர் வாங்க மறுத்தால் ஆணையர் அல்லது எஸ்.பி., அங்கேயும் நடக்கவில்லை என்றால் மாஜிஸ்திரேட்.

அப்புறம், பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு: 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம். மாவட்ட முதன்மை நீதிபதி தலைமையில் ஒரு குழு இருக்கிறது. அதற்கு நீங்களோ, உங்கள் வக்கீலோ, விசாரணை அதிகாரியோ மனு கொடுக்கலாம். உதவி ஆணையர் அல்லது டி.எஸ்.பி. ஐந்து வேலை நாளுக்குள் அச்சுறுத்தல் எவ்வளவு என்று அறிக்கை தர வேண்டும். வீட்டைச் சுற்றி ரோந்து, வாசலில் கேமரா, கோர்ட்டுக்குப் போய்வரப் போலீஸ் துணை, குற்றவாளி முகம் பார்க்காமல் சாட்சி சொல்லும் வசதி, தேவைப்பட்டால் தற்காலிகமாக வேறிடம் என்று மூன்று மூன்று மாதமாக நீட்டிக்கலாம். சாட்சியை மிரட்டுவது பி.என்.எஸ். 232-இல் ஏழு வருடம் வரை தண்டனைக்குரிய தனிக் குற்றம்.

கொலை நடந்த வாரத்திலேயே இந்த மனுவைக் கொடுங்கள். சம்மன் வந்த பிறகு, சாட்சிக் கூண்டில் ஏறும் முந்தின நாள் என்னிடம் வந்து கேட்பவர்கள்தான் அதிகம். அதற்குள் எதிர்த்தரப்பு ஆள் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து காபி குடித்துவிட்டுப் போயிருப்பான்.